லாயத்துக்கு அனுமதி இல்லையா? கடிதத்தை மறுபடி படி!

இங்கிலாந்தில் ஏதோ ஒரு கிராமத்தின் ஓரம். மூன்று ஏக்கர் புல்வெளி, சுற்றிலும் உயிர்வேலி, இரண்டு குதிரைகள். நவம்பர் மழை சாய்த்து அடிக்கிறது. குதிரைகள் இரண்டும் காற்றுக்கு முதுகைக் கொடுத்து, தலையைத் தொங்கப்போட்டு நிற்கின்றன. கேட்டருகே ரப்பர் பூட்ஸோடு நிற்கும் சொந்தக்காரியின் கையில் கவுன்சில் கடிதம். லாயம் கட்ட அனுமதி மறுக்கப்பட்டிருக்கிறது.

இப்படி ஒரு பெண்ணை மனக்கண்ணில் நிறுத்திக்கொள். அடுத்து அவள் என்ன செய்வாள்? நீயும் நானும் செய்வதைத்தான். முதல் வரியைப் படிப்பாள், நாலாக மடிப்பாள், மேசை டிராயரில் போட்டு மூடுவாள். "நமக்கெல்லாம் எங்கே கொடுக்கப் போகிறார்கள்" என்று ஒரு பெருமூச்சு. கதை முடிந்தது.

முடியவில்லை பெண்ணே! டிராயரைத் திற. கடிதத்தை எடு. முதல் வரியோடு தோற்றுப்போனாயே, அதற்குக் கீழே இருப்பதைப் படித்தாயா?

அந்த நாட்டுச் சட்டப்படி, மறுக்கிற கவுன்சில் 'முடியாது' என்று மட்டும் எழுதிவிட்டு நகர முடியாது. ஏன் முடியாது என்பதை முழுமையாக, தெளிவாக, துல்லியமாக எழுதியே தீர வேண்டும். ஆகவே கடிதத்தில் எண் போட்டுக் காரணங்கள் இருக்கும். ஒன்று, நகரங்கள் பரவாமல் காக்கும் பசுமை வளையத்தின் திறந்தவெளித் தன்மை கெடுகிறது. இரண்டு, லத்திக் குவியல் ஓடைக்குப் பக்கத்தில் இருக்கிறது. மூன்று, குதிரைகளை ஏற்றிச் செல்லும் வண்டி சாலையில் ஏறும் இடத்தில் எதிரே வருவது தெரியாது. எதிராளி தன் கையிலுள்ள சீட்டையெல்லாம் உன் முன்னால் விரித்து வைத்திருக்கிறான். நீ சீட்டைப் பார்க்காமலே எழுந்து போகிறாய்!

சரி, சொந்த நிலத்தில் நாலு பலகையை நிறுத்த எதற்கு இத்தனை பாடு என்று கேட்பாய். கேட்க வேண்டிய கேள்விதான். 1948 ஜூலை 1 முதல் அங்கே நிலம் உன்னுடையது, அதில் கட்டுகிற உரிமை உன்னுடையதல்ல. முந்தைய ஆண்டு இயற்றிய நகர், நாட்டுப்புறத் திட்டச் சட்டம் அன்றுதான் அமலுக்கு வந்தது. விவசாயத்துக்கு மட்டும் நிறையச் சலுகை. நிலத்தில் குதிரை புல் மேய்ந்தால் அது விவசாயப் பயன்பாடு, யாரும் கேட்க மாட்டார்கள். அதே குதிரைக்கு அங்கேயே தீவனம் வைத்து, சேணம் பூட்டி, ஞாயிற்றுக்கிழமை ஏறி ஓட்டினால் அது பொழுதுபோக்கு. நிலத்தின் பயன்பாடே மாறிவிட்டது என்பார்கள். மேய்ச்சல் முதன்மையா, குதிரையை வைத்திருப்பது முதன்மையா என்பதுதான் அளவுகோல் என்று 1981-இல் நீதிமன்றம் சொன்னது. தாண்டும் போட்டிக்காகக் குதிரை வளர்ப்பதும் விவசாயம் ஆகாது என்று 1962-இலேயே தீர்ப்பு வந்துவிட்டது. ஏர் இழுக்கும் குதிரை என்றால் விவசாயமாம்! டிராக்டர் வந்து குதிரையின் கழுத்திலிருந்து ஏரைக் கழற்றிவிட்டது. கூடவே அதன் விவசாயி அந்தஸ்தும் போயிற்று. எனக்கு இது கொஞ்சம் அநியாயமாகத்தான் படுகிறது. ஆனால் அநியாயம் என்று புலம்பிக்கொண்டிருந்தால் குதிரையின் முதுகு காயாது.

இந்த இடத்தில்தான் குறுக்குவழி கண்ணடிக்கும். "கேட்டால்தானே இல்லை என்பார்கள்? கேட்காமலே கட்டு!" என்று ஒரு குரல். இன்னொரு குரல், "அடியில் சறுக்குக் கட்டை வைத்துக் கட்டு, நகர்த்தலாம் என்பதால் அது கட்டடமே இல்லை" என்னும். உண்மையாகவே டிராக்டரில் கட்டி அவ்வப்போது இழுத்து இடம் மாற்றுகிற சிறு கொட்டகை பல நேரம் தப்பிக்கும். பெயருக்குச் சறுக்குக் கட்டை வைத்து வருடக்கணக்கில் ஒரே இடத்தில் நிறுத்தினால் மாட்டிக்கொள்ளும். லண்டன் ஹாரோ பகுதி ஓட்டல் ஒன்றின் புல்வெளியில் ஆண்டுக்கு எட்டு மாதம் நின்ற பெரிய கூடாரத்தையே கட்டடம் என்று 2000-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. அளவு என்ன, எவ்வளவு காலம் நிற்கிறது, தரையோடு எப்படிப் பிணைந்திருக்கிறது என்று மூன்றையும் சேர்த்துப் பார்ப்பார்கள்.

மறைத்துக் கட்டலாம் என்கிறாயா? சர்ரேயில் ஒரு விவசாயி அதையும் செய்து பார்த்தார். லாயம்கூட இல்லை, கோபுரம் வைத்த முழு வீடு. சுற்றிலும் வைக்கோல் கட்டுகளை மலைபோல் அடுக்கி, தார்ப்பாய் போட்டு, உள்ளே குடும்பத்தோடு குடியிருந்தார். நாலு வருஷம் யாரும் கேட்காவிட்டால் தப்பிவிடலாம் என்பது கணக்கு. 2006-இல் வைக்கோலை விலக்கினார். கவுன்சில் விடவில்லை, 2010-இல் உயர் நீதிமன்றமும் கைவிட்டது, 2016-இல் வீடு இடிந்தது. மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்குவது என்பார்களே, இதுதான். 2024 ஏப்ரல் 25-க்குப் பிறகு கட்டுகிறவனுக்கு அந்த நாலு வருஷக் கணக்கும் இல்லை, பத்து வருஷம். பத்து வருஷம் கேட் சத்தம் கேட்கும்போதெல்லாம் நெஞ்சு படபடக்க வாழ்வதா? வைக்கோலுக்குப் பின்னால் ஒளிந்தவனிடம் தந்திரம் இருந்தது, உழைப்பு இருந்தது, பொறுமைகூட இருந்தது. நேராகப் போய்க் கேட்கும் நெஞ்சுரம் மட்டும் இல்லை.

உனக்கு அது வேண்டும். அது எங்கே விற்கிறது என்று கேட்காதே. உன் வீட்டிலேயே, ஆணி டப்பாவுக்குப் பக்கத்தில், அளவு நாடாவாகக் கிடக்கிறது.

எடுத்துக்கொண்டு வயலுக்குப் போ. குதிரை ஒன்றுக்குப் பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு அடி, சின்ன மட்டக் குதிரைக்குப் பத்துக்குப் பத்து. இது பிரிட்டிஷ் குதிரைச் சங்கத்தின் பரிந்துரை. மேய்ச்சலுக்குத் தலைக்கு ஒன்று முதல் ஒன்றரை ஏக்கர் என்பதும் அவர்கள் சொல்வதே. உன் மூன்று ஏக்கருக்கும் இரண்டு குதிரைக்கும் கணக்கு அச்சாகப் பொருந்துகிறதா? அப்படியானால் ஏன் ஐந்து அறை வரைந்து அனுப்பினாய்? "இருந்தால் பிற்பாடு உதவும்" என்ற சின்ன ஆசை. அந்த ஆசைதான் அதிகாரியின் கண்ணில் வாடகை லாயமாகத் தெரிந்தது, வண்டி வண்டியாக ஆட்கள் வருவதாகத் தெரிந்தது. தேவைக்கு மேல் கேட்டுவிட்டு, கிடைக்கவில்லை என்றதும் தேவையானதையும் விட்டுவிடுவதா? இரண்டு அறை, தீவனமும் சேணமும் வைக்க ஒரு சின்ன அறை. அதற்கு மேல் ஒரு அடி வேண்டாம், அதற்குக் கீழே ஒரு அடியும் விட்டுக்கொடுக்காதே!

எங்கே வைத்தாய்? மேட்டில், வயலின் நட்ட நடுவில், காட்சி அழகாக இருக்கும் என்று. உனக்கு அழகு, மூன்று மைல் தூரத்தில் நடப்பவனுக்கு உறுத்தல். இறக்கு. உயிர்வேலியின் மூலையில், ஏற்கெனவே மரங்கள் நிற்கும் பக்கம் ஒட்டிப் போடு. மரப்பலகைச் சுவர், கூரை அடர்நிறம், உயரம் குறைவு, இரவு விளக்கு வேண்டாம். வண்டி சாலையில் ஏறும் வாயிலையும் எதிரே வருவது தெரியும் இடத்துக்கு மாற்று. இங்கிலாந்தின் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு நிலம் பசுமை வளையம். கட்டடம் என்றாலே முகம் சுளிக்கும் இடம் அது. அங்கேயும் வெளிப்புற விளையாட்டு, பொழுதுபோக்குக்கான வசதிகளுக்கு, திறந்தவெளி கெடாதவரை, தேசியக் கொள்கையில் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். கதவில் பூட்டு இல்லை. நீ தட்டவே இல்லை.

லத்தி விஷயத்துக்கு வா. சிரிக்காதே, எத்தனையோ விண்ணப்பம் வழுக்கி விழுவது இங்கேதான். இரண்டு குதிரைகள் தினமும் தள்ளுவண்டி நிறையக் கொடுக்கும். குவியல் ஓடையிலிருந்து குறைந்தது 10 மீட்டர், கிணறு ஊற்று என்றால் 50 மீட்டர் தள்ளி இருக்கட்டும். நாடாவைப் பிடித்து நீயே நட. வரைபடத்தில் அந்த எண்ணை எழுது. யார் எடுத்துப் போவார், எத்தனை நாளுக்கு ஒருமுறை என்றும் எழுது. அளந்து வைத்திருப்பவளின் முன் அதிகாரி பேசும் தொனியே வேறு.

பிறகு அக்கம்பக்கம். திருத்திய விண்ணப்பத்தை அனுப்பியதும் கேட்டில் பிளாஸ்டிக் உறைக்குள் அறிவிப்பு தொங்கும். 21 நாள் யார் வேண்டுமானாலும் எழுதலாம். பத்து எதிர்ப்புக் கடிதம் வந்ததும் உனக்குக் காய்ச்சல் வருகிறது. எண்ணிக்கைக்கு அங்கே மதிப்பில்லை தெரியுமா? 'என் ஜன்னலிலிருந்து பார்த்தால் அழகு கெடும்', 'என் வீட்டு விலை குறையும்' என்பவை தட்டில் ஏறாத எடைக்கற்கள். போக்குவரத்து, வெள்ளம், நாற்றம், மரம் ஆகியவைதான் ஏறும். கொள்ளு என்றால் வாயைத் திறந்து, கடிவாளம் என்றால் மூடுகிற குதிரையாக இராதே. பாராட்டுகிற கடிதத்தைப் படித்தாயே, திட்டுகிற கடிதத்தையும் படி. ஓடையில் அழுக்கு கலக்கும் என்று ஒரு கிழவர் எழுதியிருந்தால் அவர் உன் பகைவர் அல்லர், உனக்குக் காசு வாங்காமல் ஆலோசனை சொன்னவர். தெரு முனையில் பார்க்கும்போது நிறுத்தி, வரைபடத்தைக் காட்டு.

விண்ணப்பம் கவுன்சிலின் திட்டக் கமிட்டிக்குப் போனால், பல கவுன்சில்களில் பேச உனக்குக் கிடைப்பது மூன்று நிமிடம். முழங்கால் நடுங்கும், நடுங்கட்டும். கெஞ்சுகிற வரி ஒன்றுகூட வேண்டாம். "முன்பு மூன்று காரணம் சொன்னீர்கள். மூன்றுக்கும் பதில் இதோ" என்று தொடங்கி, எண்களைச் சொல்லி, உட்கார்.

இவ்வளவுக்குப் பிறகும் மறுக்கலாம். உன்னிடம் பொய் சொல்ல எனக்கு மனமில்லை. மேல்முறையீட்டுக்குப் போகிறவர்களில் ஏறக்குறைய பத்துக்கு மூன்று பேர்தான் வெல்கிறார்கள். ஆனால் அந்த மூன்று பேரும் கடிதத்தை டிராயரில் போடாதவர்கள். மேல்முறையீட்டுக்குக் கட்டணம் கிடையாது. கவுன்சிலுக்குச் சம்பந்தமில்லாத ஓர் ஆய்வாளர் வருவார். உன் வயலில், உன் மழையில் நின்று, தன் கண்ணால் பார்த்து, தன் பெயரில் முடிவெழுதுவார்.

அதற்கும் ஒரு கெடு உண்டு. லாயம் மாதிரியான விண்ணப்பத்துக்கு, மறுப்புக் கடிதத்தின் தேதியிலிருந்து ஆறு மாதம். உன் டிராயரில் கிடக்கிற கடிதத்தில் என்ன தேதி போட்டிருக்கிறது?