பந்தைத் தொடாதவரின் பொறுப்பு

கொடைக்கானலிலோ, அதற்குக் கீழே பழனி மலைச் சரிவின் சிற்றூர் ஒன்றிலோ மேல்நிலைப் பள்ளியை முடித்த பிள்ளை, "பல்கலைக்கழகத்தில் விளையாட்டு மேலாண்மை படிக்கப் போகிறேன்" என்று சொன்னால் வீட்டில் என்ன நடக்கும்? தந்தை புரியாமல் விழிப்பார். தாய், "விளையாடுவதற்கே படிப்பு எதற்கென்று இருக்கையில், பிறர் விளையாடுவதை நடத்துவதற்கும் ஒரு படிப்பா?" என்பார். இக்கேள்வியை அறியாமை என்று நாம் தள்ளிவிடலாகாது. ஆட்டம் ஆட்டத்திற்காகவே ஆடப்படுவது. பயன் கருதாதது என்பதாலேயே அது இனிக்கிறது. பயனும் இலாபமும் கணக்கிடும் மேலாண்மை அதனுள் நுழைந்தால் ஆட்டம் ஆட்டமாகவே நிலைக்குமா என்பதே அத்தாயின் சொல்லுக்குள் ஒளிந்திருக்கும் கேள்வி.

இப்படிப்பு பிறந்த கதை அவருடைய ஐயத்திற்கு வலுவூட்டுகிறது. அமெரிக்காவில் புரூக்ளின் நகரின் பேஸ்பால் அணிக்கு உரிமையாளராயிருந்த வால்ட்டர் ஓமாலி 1957ஆம் ஆண்டு ஜேம்ஸ் மேசன் என்னும் பேராசிரியருக்குக் கடிதம் எழுதினார். அணிகளையும் அரங்குகளையும் நிருவகிக்கத் தேர்ந்தவர்களை எந்தக் கல்விக்கூடம் உருவாக்கித் தரும் என்று அதில் கேட்டிருந்தார். அக்கேள்வியின் விளைவாக 1966இல் ஒஹையோ பல்கலைக்கழகத்தில் இத்துறைக்கான முதல் முதுகலைப் படிப்பு தொடங்கிற்று. கேட்டவர் ஆட்டக்காரர் அல்லர், உரிமையாளர் என்பதைக் கவனிக்க வேண்டும். கடிதம் எழுதிய அதே ஆண்டில்தான் அவர் தம் அணியைப் புரூக்ளின் மக்களிடமிருந்து பெயர்த்து, நாட்டின் மறுகோடியிலுள்ள லாஸ் ஏஞ்சல்சுக்குக் கொண்டுசெல்வதாக அறிவித்தார். தலைமுறையாய் அவ்வணியைத் தங்களதென்று எண்ணியிருந்த மக்களுக்கு, அது ஒருவரின் உடைமை என்பது அன்றுதான் உறைத்தது.

நம் தமிழ்நாட்டில் விளையாட்டுக் கல்வி வேறு வழியாக வந்தது. ஹாரி குரோ பக் 1920இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கியபோது, பள்ளிகளுக்கு ஆசிரியர்களை உருவாக்குவதே நோக்கம். 2004இல் இயற்றப்பட்ட சட்டத்தால் விளையாட்டுக்கெனத் தனிப் பல்கலைக்கழகமே நமக்கு வாய்த்தது. விளையாட்டு மேலாண்மையும் இன்று அங்கே ஒரு பாடம். ஆசிரியர் மரபும் உரிமையாளர் மரபும் ஒரே வகுப்பறையில் சந்திக்கின்றன. ஐ.பி.எல். போட்டிகளின் ஐந்தாண்டு ஒளிபரப்பு உரிமை 2022இல் 48,390 கோடி ரூபாய்க்கு விலைபோன நாட்டில், எந்த மரபின் குரல் உரக்கக் கேட்கும் என்று நாம் சொல்ல வேண்டியதில்லை.

அப்படியானால் அத்தாயின் பக்கமே நாமும் நின்றுவிடலாமா? நிற்க இயலவில்லை. அதற்குக் காரணம் நம் மலையிலேயே இருக்கிறது.

கொடைக்கானல் ஏரி இயற்கை தானாகத் தந்ததன்று. மதுரை ஆட்சியராயிருந்த வேர் ஹென்றி லெவிஞ் 1863இல் ஓடையை மறித்து அமைத்தது. 1890இல் படகுக் கழகம் வந்தது. 1895இல் கோல்ஃப் கழகம் வந்தது. வெயிலுக்கு அஞ்சி மலையேறிய ஐரோப்பியர் தங்கள் ஓய்வுக்கு அமைத்துக்கொண்ட ஆடுகளங்கள் அவை. நீருக்கும் புல்லுக்கும் எல்லை வகுத்த அன்றே, ஆடுவோர் யார், விளிம்பில் நின்று பார்ப்போர் யார் என்பதும் வகுக்கப்பட்டுவிட்டது. பளியர் முதலிய மலைமக்கள் எந்தப் பக்கம் நின்றிருப்பர் என்று ஊகிக்கப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம். ஆக, ஆட்டம் எக்காலத்திலும் யாரோ ஒருவரால் ஏற்பாடு செய்யப்பட்டே வந்திருக்கிறது. ஏற்பாடு வேண்டுமா, வேண்டாமா என்பதன்று கேள்வி. யாரை மனத்தில் வைத்து ஏற்பாடு செய்கிறோம் என்பதே கேள்வி.

(சமவெளிக்கு இறங்கினால் இது இன்னும் கூர்மையாகிறது. திண்டுக்கல் அருகே கொசவபட்டியில் புனித அந்தோணியார் திருவிழாவையொட்டி நடக்கும் சல்லிக்கட்டில் தடுப்புவேலி, மருத்துவக் குழு, கால்நடை மருத்துவரின் சோதனை என்று எத்தனை ஏற்பாடுகள்! 2023இல் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டின் சட்டத்தை ஏற்றுக்கொண்டது. ஆயினும் ஆடச் சம்மதமா என்று கேட்கப்படாத ஆட்டக்காரன் காளை. அதற்காகப் பேச அங்கே ஏற்பாட்டாளரைத் தவிர வேறு எவருமில்லை.)

2018 மார்ச் 11ஆம் நாளை நாம் மறந்திருக்க மாட்டோம். நம் மலைத்தொடரை அடுத்துள்ள குரங்கணி மலையில், மலையேற்றத்திற்குச் சென்றவர்களைக் காட்டுத்தீ சூழ்ந்தது. 23 உயிர்கள் போயின. கோடை தொடங்கிவிட்டது, புல் காய்ந்திருக்கிறது, வனத்துறையின் அனுமதி இருக்கிறதா, தீ வந்தால் எவ்வழியாக இறங்குவது என்பனவெல்லாம் புறப்படுமுன் கேட்கப்பட வேண்டிய கேள்விகள். 2025 ஜூன் 4ஆம் நாள் பெங்களூருவில், கிரிக்கெட் அணியொன்றின் வெற்றி விழாவைக் காணத் திரண்டவர்களில் 11 பேர் அரங்கின் வாயில்களருகே நெரிசலில் மாண்டனர். ஓடியாடும் வயதில் இருந்தவர்களே இவர்களிற் பலர். இவர்களைக் காத்திருக்கக்கூடிய அறிவு பந்தடிக்கும் அறிவன்று. வாயில்களை எண்ணும் அறிவு, கூட்டத்தை அளக்கும் அறிவு, எல்லாவற்றுக்கும் மேலாக "இன்று வேண்டாம்" என்று சொல்லும் துணிவு.

இத்துணிவைப் பற்றி நாம் சற்று நின்று எண்ண வேண்டும். நடந்து முடிந்த போட்டிக்குக் கைதட்டுவோர் உண்டு. நிறுத்தப்பட்ட போட்டிக்கு வசைதான் கிடைக்கும். நேராமற்போன விபத்தை எவரும் காண்பதில்லையாதலால், அதைத் தடுத்தவருக்கு நன்றி சொல்லவும் ஆளில்லை. கட்டணம் வாங்கியாயிற்று, விருந்தினர் வந்தாயிற்று, புரவலர் முகம் சுளிக்கிறார் என்ற நிலையில் ஒருவர் வாயிலைப் பூட்டுகிறார் என்றால், அது கல்வியினால் மட்டும் வருவதா என்பது நமக்கு ஐயமே. கல்வியில்லாமலும் அது வருவதில்லை. எதை அஞ்ச வேண்டும் என்று தெரிந்தால்தானே அஞ்சுவார்?

தூய பவுலடியார் கொரிந்தியர்க்கு எழுதுகையில் பந்தயத்தில் ஓடுபவரை உவமை காட்டுகிறார். அந்நகரின் அருகிலேயே விளையாட்டு விழாக்கள் நடந்துவந்தமையால் படிப்பவர்க்கு அது கண்முன் நின்றிருக்கும். ஓடுபாதையைச் சமன்செய்தவரை அவர் குறிப்பிடவில்லை. உவமைக்கு அது தேவைப்படவுமில்லை. ஒலிம்பிக்கின் குறிக்கோளாகிய "விரைவாக, உயரமாக, வலிமையாக" என்பதைப் பிரான்சு நாட்டு தொமினிக்கன் துறவி ஹென்றி திதோன் தம் மாணவர்களுக்குச் சொல்லி வந்தார். நண்பர் கூபர்த்தேன் அதை எடுத்துக்கொண்டார். மூன்று சொற்களும் ஓடுபவரைப் பற்றியவையே. 2021இல்தான் "ஒன்றாக" என்ற நான்காம் சொல்லைச் சேர்த்தார்கள். அச்சொல் ஓடுபவர் ஒருவரால் மட்டும் ஆவதன்று. ஊன்றுகோலுடன் வருபவருக்குப் படியின்றி வழி அமைப்பதும், காலணி இல்லாத மலைச் சிறுவனுக்கும் தேர்வு நாளைப் பற்றிய செய்தி உரிய காலத்தில் எட்டும்படி செய்வதும் ஆட்டத்தில் இறங்காத ஒருவரின் வேலை.

படிக்க விரும்பும் அப்பிள்ளையிடம் நமக்கு ஒரு வேண்டுகோள். பங்குத் திருவிழாவையொட்டி நடக்கும் கைப்பந்துப் போட்டியை இவ்வாண்டு பொறுப்பேற்று நடத்திப் பார்க்கட்டும். பெண்கள் அணிக்கும் இடமுண்டா என்ற விவாதத்தில் வாய் திறக்கட்டும். தன் அண்ணனின் அணிக்கு எதிராக நடுவர் ஊதியபோது நடுவர் பக்கம் நிற்கட்டும். மழை பிடித்துத் தரை வழுக்கும்போது, நன்கொடையாளர் பார்த்திருக்க, இறுதி ஆட்டத்தை மறுநாளைக்குத் தள்ளிவைக்கட்டும். வரவு செலவுக் கணக்கை எழுதிக் கோயில் வாசலில் ஒட்டட்டும். அதன்பின் தாயும் மகனும் சேர்ந்து உட்கார்ந்து விண்ணப்பப் படிவத்தை நிரப்பலாம்.