கூட்டத்தில் எங்காவது இருப்பான்

திருக்குடும்ப விழா மறையுரை
நற்செய்தி: லூக்கா 2:41-52

கிறிஸ்துவில் அன்பார்ந்த அரும்பாவூர் இறைமக்களே, சுற்றுப்புற ஊர்களிலிருந்து வந்திருக்கும் சகோதர சகோதரிகளே,

அரையாண்டுத் தேர்வு முடிந்து பிள்ளைகள் வீட்டில் இருக்கிறார்கள். இன்னும் சில நாளில் பள்ளி திறந்துவிடும். அதன்பின் பொங்கல், திருப்புதல் தேர்வு, மார்ச்சில் பத்தாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு என்று வீடே ஓட்டமாய் ஓடும். அந்த ஓட்டம் தொடங்கும் முன் திருச்சபைத் தாய் நம்மை நாசரேத்து வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்துகிறார்.

இன்றைய நற்செய்தியில் அந்த வீட்டுப் பிள்ளை காணாமல் போகிறார். இயேசுவுக்கு அப்போது வயது பன்னிரண்டு. ஆறாம் ஏழாம் வகுப்புப் படிக்கிற வயது. பாஸ்கா விழாவுக்கு எருசலேம் போன குடும்பம், விழா முடிந்து ஊர் திரும்புகிறது. நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட நடைப்பயணம். ஆகஸ்ட் கடைசியில் வேளாங்கண்ணிக்கு நடந்து போயிருப்பவர்களுக்கு இது நன்றாகப் புரியும். பெரியவர்கள் ஒரு பக்கம், பிள்ளைகள் ஒரு பக்கம். யார் யாரோடு நடக்கிறார்கள் என்று கணக்கு வைக்க முடியாது. சித்தப்பாவோடு வருவான், மாமா பிள்ளைகளோடு வருவான் என்று நம்பி நடப்போம். மரியாவும் சூசையப்பரும் அப்படித்தான் ஒரு நாள் வழி முழுக்க நடந்துவிட்டார்கள். மகன் அந்தக் கூட்டத்தில் இல்லவே இல்லை.

அவர்களிடம் அன்புக் குறைவு எதுவும் கிடையாது. சோம்பலோ கவனக்குறைவோ கிடையாது. கடவுளைத் தேடிப் போன பயணம் அது. கூட்டத்தில் எங்காவது இருப்பான் என்ற அந்த ஒரு நினைப்பில்தான் ஒரு முழு நாள் போனது. நம் வீட்டில் பிள்ளைகள் நமக்குத் தெரியாமல் தூரமாகிப் போவதும் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது.

நம்முடைய ஒரு வாரத்தை எண்ணிப் பாருங்கள். திங்கட்கிழமை விடியும் முன்பே அம்மா எழுந்துவிடுகிறார். மாட்டைப் பார்க்க வேண்டும், தண்ணீர் பிடிக்க வேண்டும், சோறு வடிக்க வேண்டும். பெரியவனுக்குப் பெரம்பலூர் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். அப்பா வயலுக்கோ பட்டறைக்கோ கிளம்புகிறார். பல வீடுகளில் அப்பா வெளிநாட்டில். அங்கிருந்து இரவில் போனில் முகம் காட்டுகிறார். மாலையில் டியூஷன். வெங்காயக் காலமென்றால் தாள் அரியும் வேலையும் சேர்ந்துகொள்ளும். சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸ். ஞாயிறு திருப்பலி, மறைக்கல்வி, மத்தியானம் துவைப்பு. மறுபடியும் திங்கள். இந்த உழைப்பில் ஒரு மணி நேரம்கூட வீண் இல்லை. எல்லாமே பிள்ளைகளுக்காகத்தான். ஆனால் அந்த வாரத்தின் முடிவில் உங்கள் மகள் எதற்காகச் சிரித்தாள், உங்கள் மகன் எதற்குப் பயந்தான் என்று கேட்டால் பதில் தெரிகிறதா? பையன் டியூஷனில் இருக்கிறான், பெண் அறையில் படிக்கிறாள், சின்னவன் கையில் போன் இருக்கிறது, சத்தமில்லாமல் இருக்கிறான். எங்கே இருக்கிறார்கள் என்பது நமக்குத் தெரியும். எப்படி இருக்கிறார்கள் என்பதுதான் தெரிவதில்லை.

இதைக் கேட்டவுடன், "சாமி, உட்கார்ந்து பேச எங்களுக்கு நேரம் ஏது?" என்று தாய்மார்கள் மனத்துக்குள் கேட்பது எனக்குத் தெரியும். நியாயமான கேள்வி. இணைச்சட்ட நூலின் ஆறாம் அதிகாரம் இதற்குப் பதில் சொல்கிறது. கடவுளின் வார்த்தையைப் பிள்ளைகளுக்கு எப்போது சொல்லித்தர வேண்டும் என்று மோசே அங்கே பட்டியல் போடுகிறார்: வீட்டில் இருக்கும்போது, வழியில் போகும்போது, படுக்கும்போது, எழும்போது. இதற்கென்று தனியாக ஒரு நேரத்தை அவர் கேட்கவே இல்லை. ஏற்கெனவே நம் கையில் இருக்கிற நேரத்தைத்தான் கேட்கிறார்.

காலையில் பள்ளிக்குப் போகிற பெண்பிள்ளைக்கு ரெட்டைச்சடை பின்னுகிறீர்களே, அந்தப் பத்து நிமிடத்தைக் கவனித்திருக்கிறீர்களா? பிள்ளை உங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறாள். உங்கள் கை அவள் தலையில் இருக்கிறது. முகத்துக்கு முகம் பார்க்க வேண்டிய கட்டாயம் இல்லை. ரிப்பனை முடிச்சுப் போடும் அந்த நேரத்தில்தான், "அம்மா, நேத்து கிளாஸ்ல என்ன நடந்துச்சு தெரியுமா?" என்று வாய் திறப்பாள். நம் வாயில் அப்போது என்ன வரும்? "நேரமாச்சு, ஆடாம உட்காரு." அம்மா, அந்த ஒரு கேள்விக்குக் காது கொடுங்கள். சடை முடிந்ததும் நெற்றியில் சிலுவை அடையாளம் போட்டு அனுப்புங்கள். பையன்களுக்கு வண்டிப் பயணம் அப்படி. வீட்டில் நான்கு வார்த்தை பேசாதவன், அப்பாவின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து போகும்போது பேசுவான். அப்பாமார்களே, அந்த நேரத்தில் மார்க்கைப் பற்றிக் கேட்காதீர்கள். அவன் என்ன சொல்ல வருகிறானோ அதைச் சொல்லட்டும்.

பிள்ளையைக் காணோம் என்று தெரிந்ததும் மரியாவும் சூசையப்பரும் செய்ததைப் பாருங்கள். வந்த வழியே திரும்பி நடந்தார்கள். சேர்ந்தே தேடினார்கள். "நீ பார்த்திருக்க வேண்டாமா?" என்று ஒருவரையொருவர் குற்றம் சொன்னதாக நற்செய்தியில் இல்லை. கோவிலில் மகனைக் கண்டதும், ஊரார் முன்னிலையில் மரியா அவரை அவமானப்படுத்தவில்லை. தாமும் சூசையப்பரும் எவ்வளவு மனவேதனையோடு தேடினார்கள் என்பதைத்தான் சொன்னார். கோபத்துக்கு அடியில் கிடக்கிற அந்த வேதனையைச் சொல்லுங்கள். "உன்னைக் காணோம்னு பயந்துட்டேன்யா" என்ற வார்த்தை எந்தப் பிள்ளைக்கும் புரியும்.

இந்த ஊர்ப் பெரியவர்களுக்கு உளியைப் பற்றி நான் சொல்லித்தர வேண்டியதில்லை. பச்சைமலை அடிவாரத்து மரத்தில் வாழ்வு கண்ட ஊர் இது. வாகையிலும் மாவிலும் வேம்பிலும் நீங்கள் செதுக்குகிற சிற்பங்களுக்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஒரே கட்டையில் செதுக்குவது உங்கள் கைப்பழக்கம். மரத்தின் ரேகை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்துத்தான் உளியை வைப்பீர்கள். ரேகைக்கு எதிராகக் கொட்டாப்புளியை ஓங்கினால் விரலோ மூக்கோ தெறித்துப் போகும், தெறித்தது தெறித்ததுதான். பிள்ளை வளர்ப்பிலும் இந்தப் பொறுமை வேண்டும். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு ரேகை உண்டு. "பக்கத்து வீட்டுப் பையனைப் பாரு" என்று ஓங்கிப் போடும் ஒரு சொல், அதற்கு எதிராகப் பாய்கிற உளி. பிள்ளைகள் மனம் உடைந்துபோகும்படி எரிச்சலூட்ட வேண்டாம் என்று பவுல் கொலோசையருக்கு எழுதியதும் இதைத்தான். ஆனாலும் நம் பிள்ளை மரமல்ல, உயிருள்ள மனசு. தவறான சொல் விழுந்துவிட்டால் கூப்பிட்டு மன்னிப்புக் கேளுங்கள். பெற்றவர் மன்னிப்புக் கேட்கும் வீட்டில் வளர்கிற பிள்ளை, பிற்காலத்தில் பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு வரத் தயங்காது.

சூசையப்பரும் உங்களைப் போலத் தச்சர்தான். நற்செய்தி நூல்களில் அவர் பேசியதாக ஒரு சொல்கூடக் கிடையாது. அப்படிப் பேசாத ஒரு மனிதரைத்தான் வீரமாமுனிவர் தம் காப்பியத்தின் தலைவராக்கினார். நம் பக்கத்து அரியலூர் மாவட்டத்தில், ஏலாக்குறிச்சி அடைக்கல மாதாவின் மண்ணில் உழைத்தவர் அவர். வளன் என்று சூசையப்பருக்குத் தமிழ்ப் பெயர் சூட்டி, 3615 பாடல்களில் தேம்பாவணியைப் பாடினார். அவ்வளவு பாடல்களுக்கு அந்த மௌனத்தில் என்ன இருந்தது? தூக்கத்திலிருந்து எழுந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு எகிப்துக்கு ஓடியது இருந்தது. பட்டறையில் உழைத்தது இருந்தது. மூன்று நாள் தேடியது இருந்தது. திருத்தந்தை பிரான்சிஸ் 2020 டிசம்பர் 8 அன்று சூசையப்பரைப் பற்றி எழுதிய திருத்தூது மடலில், ஒரு குழந்தை பிறப்பதால் மட்டும் யாரும் தந்தையாகிவிடுவதில்லை, அதன் பொறுப்பை ஏற்கும்போதே தந்தையாகிறார் என்கிறார். வெளிநாட்டில் உழைக்கும் தந்தையரே, பணம் அனுப்புவதோடு உங்கள் பொறுப்பு நிற்பதில்லை. போனில் "படிச்சியா?" என்று மட்டும் கேட்டு வைத்துவிடாதீர்கள். அப்பா இல்லாத குறையைத் தாங்கிக்கொண்டு பேரப்பிள்ளைகளை வளர்க்கும் அப்பாயிகளே, அம்மாயிகளே, உங்கள் பாடு வீண்போகாது.

இளைஞர்களே, இளம்பெண்களே, உங்களிடமும் ஒரு வார்த்தை. கோவிலில் கண்டபோது இயேசு தம் விண்ணகத் தந்தையின் அலுவலைப் பற்றிச் சொன்ன பதில் பெற்றோருக்கு அன்று விளங்கவில்லை. உங்களையும் வீட்டில் சில நேரம் புரிந்துகொள்ளாமல் போவார்கள். அந்த வலி இயேசுவுக்கும் தெரியும். ஆனால் விளங்காத பெற்றோரோடுதான் அவர் நாசரேத்துக்கு இறங்கிப் போனார். அவர்களுக்குப் பணிந்து வாழ்ந்தார். அதன்பின் ஏறக்குறைய முப்பது வயது வரை அவரைப் பற்றி நற்செய்தி விரிவாக எதையும் சொல்லவில்லை. உலகை மீட்க வந்தவர் ஏறத்தாழ பதினெட்டு ஆண்டுகளைச் சாதாரண வாரங்களாகவே வாழ்ந்தார். வேலை, சாப்பாடு, செபம், ஓய்வுநாளில் தொழுகைக்கூடம். 1964 ஜனவரி 5 அன்று நாசரேத்துக்குத் திருப்பயணம் சென்ற திருத்தந்தை ஆறாம் பவுல், அந்த வீடு மௌனத்தையும் குடும்ப வாழ்வையும் உழைப்பையும் நமக்குக் கற்றுத்தருகிற பள்ளிக்கூடம் என்றார். ஆகவே வீட்டில் ஒரு குடம் தண்ணீர் தூக்குவதும், தம்பிக்குக் கணக்குச் சொல்லித் தருவதும் மீட்புத் திட்டத்துக்கு வெளியே நடக்கிற காரியங்கள் என்று நினைக்காதீர்கள்.

அன்பானவர்களே, பள்ளி திறக்கும் முதல் வாரத்திலிருந்தே இதைத் தொடங்குங்கள். இரவுச் சாப்பாட்டின்போது எல்லாருடைய போனும், அப்பாவின் போனும் சேர்த்து, ஓரமாக இருக்கட்டும். படுக்கும் முன் குடும்பமாக ஒரு பரலோக மந்திரமும் ஒரு அருள்நிறை மந்திரமும் சொல்லுங்கள். அதற்கு மூன்று நிமிடம் போதும். வாரத்தில் ஒருமுறையாவது ஒவ்வொரு பிள்ளையிடமும் தனியாக, மார்க்கோடு சம்பந்தமில்லாத ஒரு கேள்வி கேளுங்கள். பதில் வரும்வரை பொறுத்திருங்கள். பதிலில் கலக்கம் தெரிந்தால் வேலையைப் போட்டுவிட்டுத் திரும்பி நடங்கள். மரியாவும் சூசையப்பரும் ஒரு நாள் வழியைத் திரும்ப நடந்தார்கள். நமக்கு ஒரு மாலை வேலை கெட்டால் ஒன்றும் குறைந்துவிடாது.

மன்றாடுவோம்: நாசரேத்துத் திருக்குடும்பமே, எங்கள் பிள்ளைகளை எங்கள் கையில் தந்த இறைவனிடம் எங்களுக்காகப் பரிந்து பேசுங்கள். தேர்வு எழுதப் போகும் பிள்ளைகளுக்குத் துணிவும், பெற்றோருக்குப் பொறுமையும், தூர தேசத்தில் உழைப்பவர்களுக்கு நலமும் கிடைக்கட்டும். பிள்ளைகள் எங்களைவிட்டுத் தூரமாகும் முன்னே அதைக் கண்டுகொள்ளும் கண்ணையும், கண்டதும் திரும்பி நடக்கும் மனத்தையும் எங்களுக்குப் பெற்றுத் தாருங்கள். ஆமென்.