பூட்டும் பழுதும்

கூனிமேட்டில் வீடு கட்டியவர்க்கு ஓய்வு என்பது கிடையாது. மரக்காணத்திற்கும் புதுச்சேரிக்கும் இடையே, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி அமைந்த ஊர் நம் ஊர். வடக்கே மரக்காணத்து உப்பளங்கள், கிழக்கே கடல். காற்று உப்பைச் சுமந்தே வருகிறது. அந்த உப்பு ஈரத்தோடு கலந்து சுவரின் நுண்ணிய துளைகள் வழியே உட்புகுந்து, உள்ளே மறைந்திருக்கும் இரும்புக் கம்பியைத் தொடுகிறது. கம்பி துருவாகிறது. துருவோ, தான் பிறந்த இரும்பைக் காட்டிலும் இரண்டு மடங்குக்கு மேல் இடம் கேட்கும். கேட்ட இடம் கிடைக்காதபோது கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளந்து விடும். ஒரு நாள் லுஹர் தொழுதுவிட்டுச் சற்றுச் சாய்ந்திருக்கும் வேளையில் கூரையின் அடிப்பூச்சு பெயர்ந்து பாயின் ஓரத்தில் விழும். நாம் திடுக்கிட்டு எழுந்து, “இன்று என்ன கேடு வந்தது?” என்கிறோம். கேடு இன்று வந்ததன்று. அது வந்து பத்தாண்டுகள் ஆகியிருக்கும்.

கதவின் கீல், கிணற்று மோட்டார், மின்விசிறியின் தண்டு, மிதிவண்டிச் சங்கிலி என்று எதை எடுத்தாலும் இதே கதைதான். ஆகவே இக்கடற்கரையில் குடும்பம் நடத்துகிறவர் ஒவ்வொருவரும் பாதிக் கொல்லராகவும் பாதிக் கொத்தனாராகவும் ஆகிவிடுகிறார். வெளிநாட்டில் உழைத்துத் திரும்பிய நமக்கும் அந்தப் பழக்கம் தொற்றிக் கொண்டது. திருப்புளி, குறடு, சாலிடர் வைக்கும் சூட்டுக்கோல் ஆகியவற்றைப் பழைய பிஸ்கட் டப்பா ஒன்றில் சேர்த்து வைத்திருக்கிறோம். வீட்டில் அந்த டப்பாவுக்கு இருக்கும் மதிப்பு நமக்கு இருப்பதாகத் தெரியவில்லை.

பழுது பார்ப்பதை இழிவான வேலையாகக் கருதுவோர் இன்றும் உண்டு. “புதிது வாங்க வக்கில்லாதவன் செய்வது” என்பது அவர்கள் எண்ணம். உப்பளத்தைப் பார்த்தவர் அப்படிச் சொல்ல மாட்டார். ஐப்பசி, கார்த்திகை மழையில் பாத்திகள் கரைந்து சேறாகிவிடும். மழை ஓய்ந்ததும் தொழிலாளர் இறங்கி, வரப்பை எடுத்துக் கட்டி, சேற்றை வாரி, பாத்தியின் தரை இறுகும்வரை காலால் மிதிப்பார்கள். அதன் பின்னரே உப்புநீர் பாயும். அங்கே பழுது பார்ப்பது தொழிலின் இடையே வந்த தடங்கலாக இல்லை. தொழிலின் முதல் பகுதியே அதுதான். அந்த உப்பை வண்டியேற்றி உள்நாட்டுக்குக் கொண்டு சென்ற பழங்கால உமணர்கள், வழியில் அச்சு முறியக் கூடும் என்றெண்ணி, வண்டியின் அடியில் வேறோர் அச்சைக் கட்டிச் சென்றார்கள். சேம அச்சு என்று அதற்குப் பெயர். புறநானூற்றின் 102ஆம் பாட்டில் ஒளவையார், அதியமானின் மகன் பொகுட்டெழினியை அந்தச் சேம அச்சுக்கு ஒப்பிடுகிறார். அரசனை வாளுக்கும் வேங்கைக்கும் ஒப்பிட்டுப் பாடிய காலத்தில், மாற்று உறுப்பொன்றுக்கு ஒப்பிட்ட அந்தப் புலமையை என்னென்பது!

நமக்கோ இதைவிடப் பெரிய சான்று இருக்கிறது. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் கேட்கப்பட்டது. தம் குடும்பத்தாரின் வேலைகளில் ஈடுபட்டிருப்பார்கள், தொழுகை நேரம் வந்ததும் எழுந்து சென்றுவிடுவார்கள் என்று அன்னையார் விடை தந்தார்கள். அறுந்த காலணியைத் தாமே தைத்தார்கள், கிழிந்த ஆடைக்குத் தாமே ஒட்டுப் போட்டார்கள் என்றும் அறிவிப்புகள் வந்துள்ளன. மேடைகளில் இதை நாம் எத்தனை முறை சொல்லியிருக்கிறோம்! சொல்லும்போதெல்லாம் காலணியும் ஒட்டும் நம் கண்ணில் பட்டன. ‘குடும்பத்தாரின் வேலை’ என்னும் சொல்லைப் போதிய அளவு நின்று பார்க்கவில்லை என்பதை 2024ஆம் ஆண்டின் இறுதியில் உணர நேர்ந்தது.

அவ்வாண்டு நவம்பர் 30ஆம் நாள் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மழை கொட்டித் தீர்த்தது. நம் வீட்டின் பின்னறைக் கூரை ஒழுகி, பீரோவின் அடித்தட்டு நனைந்துவிட்டது. அதிலிருந்தவற்றையெல்லாம் வெளியே எடுத்து உலர்த்தியபோது, பழைய துப்பட்டி ஒன்றில் சுற்றிய மடிக்கணினி கைக்கு வந்தது. நம் மூத்த மகளுடையது. தமிழ்நாடு அரசு, தன் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் படிப்போருக்கு விலையின்றி மடிக்கணினி வழங்கும் திட்டத்தை 2011 செப்டம்பரில் தொடங்கியது. அடுத்த ஆண்டில் மேல்நிலைப் பள்ளியில் அவள் பெற்றது அது. கல்லூரிப் படிப்பு முடியும்வரை அதனோடுதான் இருந்தாள். பிறகு திருமணமாயிற்று; சென்னைக்குச் சென்றாள்; கணினி பீரோவிற்குள் சென்றது.

அதை உயிர்ப்பித்துப் பேரனுக்குக் கொடுத்தால் என்ன என்று தோன்றியது. ஒரு வாரம் நமக்கு உலக நினைவே இல்லை. அடிமூடியைக் கழற்றினோம். இணைப்புகளில் பச்சையாகக் களிம்பு பூத்திருந்தது. தூரிகை கொண்டு துடைத்தோம். நினைவகத் தகட்டின் பற்களைப் பிள்ளைகளின் அழிரப்பரால் மெல்லத் தேய்த்தோம். மின்சாரம் இல்லாதபோதும் நாளையும் நேரத்தையும் நினைவில் வைத்திருப்பதற்காக, நாணயம் போன்ற மூன்று வோல்ட் பேட்டரி ஒன்று உள்ளே இருக்கும். அது செத்துக் கிடந்தது. மாற்றினோம். விசிறியில் அடைந்திருந்த தூசியை எடுத்தோம். “பிஸ்மில்லாஹ்” சொல்லிப் பொத்தானை அழுத்தினோம். திரை ஒளிர்ந்தது! அந்த நொடியின் மகிழ்ச்சியை, வீட்டில் எதையேனும் கழற்றிப் பூட்டியவர் அறிவர்.

திரை கடவுச்சொல்லைக் கேட்டது.

இந்த இடத்தில்தான் நாம் சறுக்கினோம். மகளுக்குத் தொலைபேசியில் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். இரவு பதினொரு மணி. அவள் உறங்கியிருப்பாள் என்று நமக்கு நாமே சொல்லிக் கொண்டோம். உண்மையைச் சொன்னால், வேலை முடியும் வேகத்தில் இருந்தோம். விலையின்றிக் கிடைக்கும் லினக்ஸ் முறைமையைப் புதிதாக ஏற்றிவிட்டால் கடவுச்சொல்லே தேவைப்படாது. வட்டில் உள்ளவை அனைத்தும் அழிந்துவிடும், தொடரலாமா என்று கணினி கேட்டது. கணினிக்கு இருந்த மரியாதை நமக்கு இல்லாமற் போயிற்று. ‘ஆம்’ என்று அழுத்தினோம்.

பள்ளி விடுமுறையில் மகள் வந்தாள். கணினி ஓடுவதைக் கண்டு முகம் மலர்ந்தாள். பிறகு திரையைச் சிறிது நேரம் பார்த்துவிட்டு, “பழசெல்லாம் எங்கே வாப்பா?” என்றாள். சொன்னோம். அவள் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் தாயிடம் சொல்லித்தான் நமக்குத் தெரிந்தது. கல்லூரி நாட்களில் அவள் கதைகள் எழுதியிருக்கிறாள். யாருக்கும் காட்டாமல், ஒன்றிரண்டல்ல, மூன்றாண்டுக் காலம். இலக்கியக் கூட்டங்களுக்குத் தலைமை தாங்கி, “நம் பெண்மக்கள் எழுத முன்வர வேண்டும்” என்று முழங்கிய ஒருவர் வீட்டில், அடுத்த அறையில் எழுதிக் கொண்டிருந்த பெண்ணை அவர் அறியவில்லை.

இங்கு எழும் வினா இதுதான். நாம் செய்தது பழுது பார்த்தலா, பழுது செய்தலா? இயந்திரம் சீரானது, அதில் ஐயமில்லை. எந்த நோக்கத்திற்காக அது அவளிடம் இருந்ததோ, அது போய்விட்டது. உடைந்த பானையை ஒட்டிக் கொடுத்து, அதிலிருந்த தேனைக் கொட்டிவிட்டவனுக்குக் கூலி உண்டா? கைவினைஞன் கையில் கெட்டுப்போன பொருளுக்கு அவன் எந்த அளவுக்குப் பொறுப்பாளி என்பதை ஃபிக்ஹு நூல்கள் விரிவாக ஆராய்கின்றன. இமாம்களிடையே கருத்து வேறுபாடும் உண்டு. ஆனால் அங்கெல்லாம் பொருளை அதன் உடையவர் தம் கையால் கொடுத்திருக்கிறார். நம்மிடம் யாரும் கொடுக்கவில்லை.

நண்பர் ஒருவர் ஆறுதல் சொன்னார். மகனும் அவன் செல்வமும் தந்தைக்கே உரியவை என்னும் பொருள்பட வரும் நபிமொழியை நினைவூட்டினார். ஆறுதல் இனிக்கத்தான் செய்தது, நிற்கவில்லை. ஏனெனில் திருமறையின் அந்நிஸா அத்தியாயம், பிள்ளைகளை விட்டு இறந்தவரின் சொத்தில் தந்தைக்கு ஆறில் ஒரு பங்கு என்று வரையறுக்கிறது. பிள்ளையின் செல்வம் முழுவதும் தந்தையுடையதாக இருந்தால், ஆறில் ஒரு பங்குக்கு அவர் வாரிசாவது எப்படி? ஆகவேதான் பெரும்பான்மை அறிஞர்கள் அந்நபிமொழியைப் பெற்றோரைப் பேணும் கடமையைச் சொல்வதாகக் கொண்டார்கள். உடைமை மாற்றமாகக் கொள்ளவில்லை. பெண்ணின் சொத்து பெண்ணுக்கே என்பதில் இஸ்லாம் உலகுக்கு முந்திக் கொண்டது என்று பெருமை பேசுகிறோம். நகையென்றால் அந்தப் பேச்சு நினைவுக்கு வருகிறது. பழைய கணினியென்றால் வருவதில்லை. அரசு அதைக் குடும்பத்தாருக்குக் கொடுக்கவில்லை. மாணவியாகிய அவளுக்குக் கொடுத்தது. நகையைத் தவிர்த்துத் தமக்கே உரிய பொருள் என்று எத்தனையோ பெண்பிள்ளைகள் முதன்முதலாகக் கையில் வாங்கியது அதுவாக இருந்திருக்கும்.

உலகம் இன்று ‘பழுது பார்க்கும் உரிமை’ பற்றிப் பேசுகிறது. பிரான்சில் 2021 ஜனவரி முதல், கைப்பேசி, மடிக்கணினி போன்றவற்றைப் பழுது பார்ப்பது எவ்வளவு எளிது என்பதைப் பத்துக்கு இத்தனை என மதிப்பெண் இட்டு விற்க வேண்டும் என்று விதித்தார்கள். இந்தியாவிலும் மைய அரசின் நுகர்வோர் துறை 2022இல் இதற்கெனக் குழு அமைத்தது. திருகாணிக்குப் பதில் பசையிட்டு ஒட்டி, உதிரியுறுப்பு தராமல் மறைத்து, வாங்கியவரை மீண்டும் வாங்கச் செய்யும் வணிகத்திற்குக் கடிவாளம் வேண்டும்தான். வீண்விரயத்தைக் கண்டிக்கும் மார்க்கத்தவர் அதை முதலில் வரவேற்க வேண்டும். ஆயினும் அவ்வுரிமை உற்பத்தியாளரை நோக்கி உடையவர் கேட்பது. வீட்டுக்குள்ளே உடையவர் யார் என்பதை எந்தச் சட்டமும் வந்து தீர்த்து வைக்காது. திறக்கத் தெரிவது வேறு; திறக்க அனுமதி பெறுவது வேறு. பிறர் இல்லத்தில் அனுமதி பெற்று ஸலாம் சொல்லாமல் நுழையாதீர்கள் என்றும், திரும்பிச் செல்லுங்கள் எனப்பட்டால் திரும்பி விடுங்கள் என்றும் அந்நூர் அத்தியாயம் கட்டளையிடுகிறது. அந்தத் திரை கேட்டதும் அதைத்தான். பூட்டை நாம் பழுது என்று எண்ணிக் கொண்டோம்.

இதற்குப் பரிகாரம் தேடினோம். வட்டில் அழித்தவை உடனே அழிந்து விடுவதில்லை. புதியவை மேலெழுதப்படாத இடங்களில் பழைய பதிவுகள் தங்கியிருக்கும். அவற்றைத் தோண்டியெடுக்கும் மென்பொருள்கள் இருக்கின்றன. புதுச்சேரியில் அத்தொழில் தெரிந்த இளைஞர் ஒருவர், வட்டைக் கொடுத்தால் முயன்று பார்ப்பதாகச் சொன்னார். எடுத்தவை சரியாக வந்தனவா என்று அவர் ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க வேண்டியிருக்கும். மகளிடம் சொன்னோம். அவள் வெகுநேரம் யோசித்தாள்.

“வேணாம் வாப்பா. வேற யாரோ படிக்கிறதுக்குப் போனதாவே இருக்கட்டும்.”

அந்த முடிவை ஏற்றுக்கொள்வதுதான் நமக்கு எல்லாவற்றிலும் கடினமாக இருந்தது. சரி செய்து பழகிய கைக்குச் சும்மா இருப்பது தண்டனை. அவளுக்குத் தெரியாமல் கொடுத்துப் பார்த்தால் என்ன என்று மனம் ஒருமுறை ஓடியதையும் மறைப்பதற்கில்லை. வட்டைக் கழற்றி உறையிலிட்டு அவள் கையில் கொடுத்தோம். பேரனின் கணினிக்கு வேறு வட்டு வாங்கினோம்.

வீட்டார் அன்று சொன்ன சொல்லையும் பதிந்து விடுவது நேர்மை. புயலுக்கு முந்திய மாதத்திலிருந்து சமையலறைக் குழாய் சொட்டிக் கொண்டிருந்தது. இரண்டு முறை நினைவூட்டியிருந்தார்கள். “அந்தப் பொட்டிக்கு ஒரு வாரம் உட்கார்ந்தீங்க. இந்தக் குழாய்க்கு ஒரு வாஷர் போதும்” என்றார்கள். வாஷரின் விலை சில ரூபாய். வேலை கால் மணி நேரம். அதில் வியப்பூட்டும் எதுவும் இல்லை, முடிந்ததும் ஒளிரும் திரையும் இல்லை. குடும்பத்தாரின் வேலையில் இருந்தார்கள் என்று அன்னையார் சொன்னதற்கு, குடும்பத்தார் கேட்ட வேலை என்று பொருள் கொண்டால், அந்த வாரம் முழுவதும் நாம் செய்தது நம் சொந்த வேலை.

கழற்றிப் பார்க்கும் ஆசையைப் பழிப்பதாக யாரும் கொள்ள வேண்டாம். அந்த ஆசை இல்லாதவனுக்குக் குழாயும் தெரியாது, கணினியும் தெரியாது. பிள்ளைகள் எதையேனும் கெடுத்துத்தான் கற்க வேண்டும். கெடுப்பதற்கென்றே பழைய வானொலி ஒன்றை அவர்களிடம் விட்டுவைப்பது குடும்பத்திற்கு நட்டமாகாது. அது தங்களுடையதுதானா என்று கேட்கவும் அவர்கள் கூடவே பழக வேண்டும். நாம் அறுபதைக் கடந்து கற்றோம்.

சென்ற மாதம் பேரன் அந்தக் கணினியை எடுத்து வந்தான். விசிறி இரைகிறது என்றான். குழாயில் ஈரம் இருக்கிறதா என்று தடவிப் பார்த்துவிட்டு, பிஸ்கட் டப்பாவோடு வந்து அமர்ந்தோம். மூடியைத் திருப்புமுன், “உள்ளே என்ன வைத்திருக்கிறாய்? திறக்கலாமா?” என்று கேட்டோம். பத்து வயதுப் பிள்ளை நம்மை விநோதமாகப் பார்த்தான். பிறகு கணினியைத் தன் பக்கம் இழுத்துக் கொண்டு, “இருங்க தாத்தா, ஒண்ணு எடுத்து வச்சுட்டுத் தர்றேன்” என்று முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்தான். காத்திருந்தோம்.