செல்லரித்த இடமும் நம் கைச்சரக்கும்

பெரியவாச்சான் பிள்ளை நாலாயிரத்துக்கும் வ்யாக்யானம் அருளிச்செய்தவர். அவற்றுள் பெரியாழ்வார் திருமொழி வ்யாக்யானத்தின் பெரும்பகுதி செல்லரித்து லுப்தமாயிற்று. பின்னாளில் அக்குறையைத் தீர்க்கத் திருவுள்ளம் பற்றிய மணவாள மாமுனிகள் (1370–1444), உரை அழிந்துபோன பாசுரங்களுக்கு மட்டுமே வ்யாக்யானமிட்டு, பிள்ளையின் ஸ்ரீஸூக்தி எஞ்சியிருந்த இடம் வந்ததும் நிறுத்திக்கொண்டார். முழுவதற்கும் புதிதாக அருள அவருக்கு வல்லமை இல்லையா? எஞ்சியதைத் தொடாமல் விட்டபடியாலன்றோ எது எவர் வார்த்தை என்று இன்றும் அறிய முடிகிறது!

இதைப் பலமுறை கேட்டிருந்தும் நாம் மாறாக நடந்தோம்.

அதிராம்பட்டினத்துக் கடற்காற்றின் உப்பும் ஈரமும் காகிதத்தை விட்டுவைப்பதில்லை. நமது தகப்பனார் ஈட்டுக் காலக்ஷேபத்தில் கேட்டுக் குறித்துவைத்தவை நான்கு நோட்டுகள். பணி ஓய்வுக்குப் பின் அவற்றைக் கணினியில் ஏற்றத் தொடங்கினோம். முதல் நோட்டில் பூச்சி அரித்த இடங்களில், முன்பின் வாக்கியங்களைப் பார்த்துப் பொருந்தும் சொற்களை நாமே இட்டு நிரப்பினோம். படித்தவர்கள் கொண்டாடினார்கள். ஈராண்டு கழித்து ஒரு ஸ்வாமி ஒரு வரியைக் காட்டி, "இந்த நிர்வாகம் எந்த ஆசார்யருடையது?" என்று கேட்டார். நோட்டை எடுத்துப் பார்த்தோம். அந்தத் தாள் பொடிந்து போயிருந்தது. தகப்பனார் கேட்டதா, நாம் கற்பித்ததா, நமக்கே தெரியவில்லை.

வங்கியில் பேரேட்டிலிருந்து கணினிக்கு மாறிய நாட்களில் நாம் இப்படிச் செய்ததில்லை. ஒரு ரூபாய் ஒத்துவராவிட்டாலும் அதை யாரோ ஒருவர் கணக்கில் சேர்த்துச் சரிக்கட்டலாகாது. சஸ்பென்ஸ் கணக்கில் தனியே காட்ட வேண்டும். பிறர் பணத்தினிடம் இருந்த அச்சம் பூர்வர்களின் வார்த்தையினிடம் இல்லாமற் போயிற்றே!

ஓலையைப் பெயர்த்தெழுதியவர்களும் பிழைபட்டதுண்டே எனலாம். உண்டு. ஆனால் ஓர் ஊர்ப் பிரதியை மற்றோர் ஊர்ப் பிரதியோடு ஒப்பிட்டுப் பாடபேதம் காண வழியிருந்தது. கணினியிலோ ஒரே பிழை நொடியில் நூறு பேரிடம் சேர்ந்து, நூறு சாட்சிகள் போல நிற்கிறது. எழுத்தும் பளிச்சென்று இருப்பதால் ஒருவருக்கும் ஐயம் எழுவதில்லை.

மற்ற மூன்று நோட்டுகளையும் இப்போது பக்கம் பக்கமாகப் படமெடுத்த பிறகே தட்டெழுதுகிறோம். அரித்த இடத்தில் புள்ளிகள். நமது ஊகம் அடிக்குறிப்பில். படிக்க அழகாக இல்லைதான். முதல் நோட்டின் பிரதியை நம்மிடம் பெற்ற ஸ்வாமிகள், அதிலிருந்து எதையும் பூர்வர் வார்த்தையாக எடுத்துக் காட்டாதிருக்க விண்ணப்பிக்கிறோம்.