தோற்றவர் ஏன் கீழ்ப்படிய வேண்டும்?

மக்களாட்சியில் வென்றவருக்கு எந்த நியாயமும் சொல்லத் தேவையில்லை. தோற்றவருக்குத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. தான் வாக்களிக்காத ஆட்சி போட்ட வரியை அவர் ஏன் கட்ட வேண்டும், தனக்கு ஒப்பாத சட்டத்துக்கு ஏன் கட்டுப்பட வேண்டும்? போலீஸுக்குப் பயந்துதான் என்றால் அந்தப் பதில் கொடுங்கோலாட்சிக்கும் பொருந்தும். இந்தக் கேள்விக்கு நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய பதில்களில் ஒன்று பிளேட்டோ எழுதிய ‘கிரிட்டோ’வில் இருக்கிறது. கி.மு. 399-ல் ஏதென்ஸ் சிறையில் மரண தண்டனையை எதிர்பார்த்திருந்த சாக்ரடீஸிடம், தப்பிப்பதற்கு எல்லா ஏற்பாடும் ஆகிவிட்டது என்று நண்பர் கிரிட்டோ வந்து மன்றாடுகிறார். சாக்ரடீஸ் மறுக்கிறார். அவர் அடுக்கும் காரணங்களில் ஒன்றை நான் மற்றவற்றைவிடப் பெரிதாக நினைக்கிறேன். நகரத்தின் சட்டம் குடிமகனுக்கு இரண்டு வழிகளைக் கொடுத்திருக்கிறது: சட்டம் தவறென்றால் எடுத்துச் சொல்லி மாற்றலாம், முடியாதபோது கட்டுப்பட வேண்டும். இரண்டாவது கடமையானது முதலாவது திறந்திருப்பதால்தான். எடுத்துச் சொல்லி எத்தனை பேரை மாற்றினாலும் பயனில்லை என்று ஆக்கிவிட்டு, கட்டுப்பாட்டை மட்டும் கேட்கும் ஆட்சிக்கு அந்த உரிமை எங்கிருந்து வந்தது? அமெரிக்காவில் கட்சிகள் தங்களுக்குச் சாதகமாகத் தொகுதி எல்லைகளை வளைத்துக்கொள்வதை, அதாவது ஜெர்ரிமாண்டரிங்கை, நான் இந்தக் கேள்வியாகவே பார்க்கிறேன்.

தொகுதி மறுவரையறை என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது, 1971 மக்கள்தொகைக் கணக்கோடு நிறுத்திவைக்கப்பட்ட இடங்களின் எண்ணிக்கையும் எந்த மாநிலத்துக்கு எத்தனை எம்.பி. என்ற விவாதமும்தான். இது வேறு. 1960களில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்புகளுக்குப் பிறகு, அங்கே ஒரு மாநிலத்துக்குள் இருக்கும் தொகுதிகளில் மக்கள்தொகை ஏறக்குறையச் சமமாக இருந்தாக வேண்டும். ஆகவே தலைக்கணக்கில் கை வைக்க முடியாது, கோட்டில் வைக்கலாம். பெரும்பாலான மாநிலங்களில் அந்தக் கோட்டைப் போடுவது மாநிலச் சட்டமன்றம். ஐந்து தொகுதிகள், தொகுதிக்கு நூறு வாக்காளர்கள் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 500 பேரில் 300 பேர் ஒரு கட்சி, 200 பேர் மறு கட்சி. பெரிய கட்சிக்காரர்களில் 180 பேரைத் தொண்ணூறு தொண்ணூறாக இரண்டு தொகுதிகளில் திணித்துவிட்டால், மீதி மூன்று தொகுதிகளிலும் அவர்கள் நாற்பது நாற்பது பேர்தான். அங்கெல்லாம் சிறிய கட்சி அறுபதுக்கு நாற்பது என்று வென்றுவிடும். யாருடைய வாக்கும் பறிபோகவில்லை, ஒரு கள்ள ஓட்டும் விழவில்லை; ஆனால் 200 பேரின் கட்சி 300 பேரின் கட்சியை ஆள்கிறது. 1812-லேயே மாசசூசெட்ஸில் இது நடந்துவிட்டது. எல்பிரிட்ஜ் கெர்ரி ஆளுநராக இருந்தபோது கையெழுத்திட்ட வரைபடத்தின்படி நடந்த தேர்தலில், குறைந்த வாக்கு வாங்கிய அவருடைய கட்சி மாநில மேலவையின் 40 இடங்களில் 29-ஐப் பிடித்தது.

கெர்ரி காலத்தில் கணிப்பு கையால் நடந்தது. இன்று கணினி தெருத்தெருவாகப் பிரித்துக் கொடுக்கிறது. வடக்கு கரோலினாவில் 2016-ல் மறுவரையறைக் குழுவின் தலைவர்களில் ஒருவரான டேவிட் லூயிஸ் குழுக் கூட்டத்திலேயே நோக்கத்தைச் சொன்னார்: 13 தொகுதிகளில் 10 குடியரசுக் கட்சிக்கும் 3 ஜனநாயகக் கட்சிக்கும் போகும்படி வரைய வேண்டும்; 11-க்கு 2 என்று வரைவது முடியாது என்று தோன்றுவதால்தான் இந்தக் கணக்கு. முந்தைய வரைபடத்தை இன அடிப்படையில் வரைந்தது என்று கூட்டாட்சி நீதிமன்றம் ரத்து செய்திருந்தது. இந்த முறை இனம் காரணமில்லை, கட்சிதான் காரணம் என்று பதிவு செய்துவைக்கும் தேவை அவர்களுக்கு இருந்தது. அந்த ஆண்டுத் தேர்தல் முடிவு, சொல்லிவைத்தபடியே 10-3. கிரீன்ஸ்பரோ நகரத்தில் அந்தக் கோடு வடக்கு கரோலினா ஏ அண்ட் டி பல்கலைக்கழக வளாகத்தின் குறுக்கே போயிற்று. மாணவர் எண்ணிக்கையில் நாட்டின் மிகப் பெரிய கறுப்பினப் பல்கலைக்கழகம் அது. வளாகத்தின் ஒரு பாதி 6-ம் தொகுதியில், மறு பாதி 13-ம் தொகுதியில். இரண்டிலும் வென்றது குடியரசுக் கட்சி. 1960 பிப்ரவரியில் வெள்ளையருக்கு மட்டும் பரிமாறிய உல்வொர்த் கடையின் உணவு மேசையில் போய் உட்கார்ந்து, எழுந்திருக்க மறுத்த நான்கு இளைஞர்கள் இந்தப் பல்கலைக்கழக மாணவர்கள்தான். ஊரை எடுத்துச் சொல்லி மாற்றியதற்கு இதைவிடத் தெளிவான சான்று அந்த நாட்டில் அதிகம் இல்லை. அதே வளாகத்தை இரண்டாகக் கீறி, இனி நீங்கள் எவ்வளவு பேசினாலும் கணக்கு மாறாது என்று ஒரு குழு முடிவு செய்ததை என்னால் சாதாரண அரசியல் சாமர்த்தியமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

இதில் தவறு எங்கே என்று துல்லியமாகச் சொல்ல வேண்டும். வாக்கு விகிதமும் இட விகிதமும் பொருந்தாததே தவறு என்று பலர் சொல்கிறார்கள். அது போதாது. முதலில் வருபவர் வெற்றி பெறும் முறையில் அந்தப் பொருத்தம் எங்கும் கிடைப்பதில்லை. இந்தியாவிலும் பாதிக்குக் குறைவான வாக்கில் பெரும்பான்மை அமைந்திருக்கிறது. ஆனாலும் அத்தகைய தேர்தலில் தோற்றவரிடம், ‘இன்னும் சிலரை உங்கள் பக்கம் கொண்டுவாருங்கள், அடுத்த முறை முடிவு மாறும்’ என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியும். வளைத்த வரைபடத்தில் அப்படிச் சொன்னால் பொய். விஸ்கான்சினில் 2018-ல் மக்கள் மனம் மாறத்தான் செய்தது. மாநிலம் முழுவதும் ஒரே தொகுதியாக வாக்களிக்கும் ஆளுநர் தேர்தலில் ஜனநாயகக் கட்சி வென்றது. மாநில எல்லையை யாரும் வளைக்க முடியாதல்லவா? அதே நாளில், அதே மக்கள் வாக்களித்த கீழவையில் குடியரசுக் கட்சிக்கு 99-க்கு 63 இடங்கள் கிடைத்தன. அடுத்த மாதமே அந்தச் சட்டமன்றம் சிறப்புக் கூட்டம் கூட்டி, பதவியேற்கவிருந்த ஆளுநரின் அதிகாரங்களைக் குறைத்தது. வாக்காளரிடம் கருத்து கேட்கிறார்கள். பதில் எதுவானாலும் விளைவு மாறாதபடி முன்பே ஏற்பாடு செய்துவைத்திருக்கிறார்கள். ஒரு மனிதரின் சிந்தனையை, தீர்ப்பாக மதிக்காமல், கணித்துப் பயன்படுத்தும் மூலப்பொருளாக ஆக்குவது இது. அவர் வாக்குச்சாவடிக்கு வருவது இவர்களுக்குத் தேவைப்படுகிறது, ஏனென்றால் வெற்றிக்கு அவருடைய வருகைதான் முத்திரை.

கோடு எங்கே போட்டாலும் யாருக்காவது சாதகம்தான், நடுநிலைக் கோடு என்று ஒன்றில்லை என்பது வலுவான மறுப்பு. ஜனநாயகக் கட்சியினர் நகரங்களில் நெருக்கமாக வாழ்கிறார்கள், ஆகவே நேர்மையாக வரைந்தாலும் அவர்களுக்கு நட்டம் வரும் என்பதும் ஓரளவு உண்மை. ஆனால் இதைச் சோதிக்க முடியும். அரசியல் அறிஞர் ஜோவி சென், கட்சி விவரத்தைப் பாராமல் சட்டம் கேட்கும் விதிகளை மட்டும் கொண்டு வடக்கு கரோலினாவுக்கு 3,000 வரைபடங்களைக் கணினியில் உருவாக்கினார். அந்த மாநிலத்தின் நகரங்களும் நெருக்கமும் அவற்றிலும் அப்படியேதான் இருந்தன. 3,000-ல் ஒவ்வொன்றும் ஜனநாயகக் கட்சிக்குக் குறைந்தது ஓர் இடமாவது கூடுதலாகத் தந்தது. அப்படியானால் மிச்சத்தைச் செய்தது பூகோளம் அல்ல, கை. வடக்கு கரோலினா வரைபடத்தை எதிர்த்த வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது; 2019 ஜூனில் அதில் தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் 5-4 பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதினார். இவ்வளவு வளைப்பது மக்களாட்சிக்கு ஒவ்வாதது என்பதை அவர் மறுக்கவில்லை. எவ்வளவு வளைத்தால் அதிகம் என்று அளக்கக் கூட்டாட்சி நீதிமன்றத்திடம் அளவுகோல் இல்லை என்றார். எல்லைக்கோட்டு வழக்குகள் கடினம் என்பது சரி. அதற்காக, நோக்கத்தை வாயாலேயே சொன்ன வழக்கையும் கைவிடுவது எனக்கு ஏற்புடையதாக இல்லை. நடுநிலைக் கோடு இல்லையென்றாலும் நடுநிலைக் கை இருக்க முடியும். அயோவாவில் 1980 முதல் கட்சி சாராத சட்டமன்ற அலுவலர்கள்தான் வரைகிறார்கள். பதவியில் இருப்பவர் வீடு எங்கே, யார் எந்தக் கட்சியில் பதிவு செய்திருக்கிறார் என்ற விவரங்களை அவர்கள் பயன்படுத்தக் கூடாது.

மற்றவனும் செய்கிறானே என்பது இன்னொரு மறுப்பு. செய்கிறார்கள்தான். மேரிலாந்தில் 2011-ல் இதே வேலையைச் செய்தது ஜனநாயகக் கட்சி. 2025-ல் டெக்சாஸ் குடியரசுக் கட்சியினர், பத்தாண்டுக் கணக்கெடுப்புக்குக்கூடக் காத்திராமல், மேலும் ஐந்து இடங்களைக் குறிவைத்துப் புதிதாக வரைந்தார்கள். பதிலடியாகக் கலிபோர்னியா, சுயேச்சை ஆணையம் வரைந்ததை ஒதுக்கிவிட்டு வேறொரு வரைபடத்துக்கு மாறியது. கலிபோர்னியா அதை வாக்கெடுப்புக்கு விட்டது. டெக்சாஸ் அதைக்கூடச் செய்யவில்லை. இந்த வேறுபாடு பெரியது. ஆனாலும் மாநிலத்தின் பெரும்பான்மை, சிறுபான்மையின் சார்பில் சம்மதம் கொடுக்க முடியாது. கலிபோர்னியாவின் வடக்கே இருக்கும் ஒரு குடியரசுக் கட்சி விவசாயி டெக்சாஸில் யாருக்கும் தீங்கு செய்யவில்லை. அவர் பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசி மனதை மாற்றுவதற்கு இருந்த மதிப்பு, வேறொருவர் செய்த குற்றத்துக்காகக் குறைக்கப்பட்டிருக்கிறது.

மக்கள் தேர்ந்தெடுத்த சட்டமன்றம்தானே வரைகிறது, அதற்கு உரிமை இல்லையா என்று கேட்பவர்களுக்கு ஜான் லாக் பதினேழாம் நூற்றாண்டிலேயே பதில் தந்துவிட்டார்: தன் வழக்கில் தானே நீதிபதியாக இருப்பது தவறு. தான் போட்ட கோட்டினால் தேர்வானவர், தேர்வானதையே காட்டி அடுத்த கோட்டைப் போடும் உரிமையைக் கோருவது வட்டம் சுற்றுவது.

அப்படியானால் தோற்றவர் கீழ்ப்படிய வேண்டாமா? நான் அப்படிச் சொல்லவில்லை. எடுத்துச் சொல்லும் வழி ஓரிடத்தில் அடைபட்டாலும் வேறிடத்தில் திறந்திருக்கலாம். திறந்திருக்கும்வரை கடமையும் இருக்கிறது. மிச்சிகனில் 2018-ல் பொதுமக்கள் கையெழுத்து திரட்டி, அரசியல்சாசனத் திருத்தத்தை வாக்கெடுப்புக்குக் கொண்டுவந்து, சுமார் 61 சதவீத ஆதரவோடு வென்றார்கள். இப்போது அங்கே வரைவது 13 குடிமக்களின் ஆணையம்: கட்சிக்கு நான்கு பேர், எந்தக் கட்சியும் சாராதவர் ஐந்து பேர். பதவியில் இருப்பவரோ அவருடைய பெற்றோர், பிள்ளைகள், துணைவரோ அதில் உட்கார முடியாது. ஆனால் வடக்கு கரோலினாவில் குடிமக்கள் கையெழுத்து திரட்டிச் சட்டம் கொண்டுவர வழியில்லை. தொகுதி வரைபடத்தை ரத்து செய்யும் அதிகாரம் ஆளுநருக்கும் இல்லை. மாநில உச்ச நீதிமன்றம் தலையிட்ட 2022-ல், தொகுதிகள் 14 ஆகியிருந்த அங்கே முடிவு 7-7. நீதிபதிகள் மாறி, 2023-ல் அந்தத் தீர்ப்பு திரும்பப் பெறப்பட்டு, புதிய வரைபடத்தில் நடந்த 2024 தேர்தலில் முடிவு 10-4. 2025 அக்டோபரில் அதே சட்டமன்றம் 11-வது இடத்துக்காக மறுபடியும் வரைந்தது.