பறந்த பந்தும் எறிகிற கையும்

அறநெறிப் பாடசாலையில் வினை பற்றிப் பாடம் எடுக்க எனக்குக் கைகொடுப்பது பேஸ்போல்.

பசறைப் பக்கத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் ஒரு வீட்டில்தான் டிவி கேம் இருந்தது. கொழும்புக்கு வேலைக்குப் போன அண்ணன் ஒருவர் வாங்கி வந்தது. ஒரே கேசட்டுக்குள் பல கேம். அதில் பேஸ்போலும் ஒன்று. 1983 டிசம்பரில் ஜப்பானில் நிண்டெண்டோ வெளியிட்டது அது என்பதெல்லாம் பிறகு தெரிந்த சங்கதி. கிரிக்கெட் பைத்தியங்களான எங்களுக்கு, பந்து நிலத்தில் குத்தாமலே வருவதும் மூன்று முறை கோட்டைவிட்டால் அவுட் என்பதும் அநியாயமாகப் பட்டன. அதைவிடப் பெரிய அநியாயம், களத்தில் நிற்கும் நம் ஆட்களை நாம் ஓட்ட முடியாது. பந்து வீசுவது நம் கையில். அடிபட்டுப் பறந்துவிட்டால் துரத்துவது கேமின் வேலை. அந்த ஆள் ஆடி அசைந்து போவான். பட்டனை அமுக்கி அமுக்கிக் கத்தினாலும் வேகம் கூடாது. பந்து அவன் கைக்கு வந்தபின் எந்த பேஸுக்கு எறிவது என்பது மறுபடி நம் தீர்மானம்.

முன்பு செய்ததன் பலன் இப்போது வந்து பொருந்துவதைச் சைவ சித்தாந்தம் பிராரத்தம் என்கிறது. அதை அனுபவிக்கும்போதே புதிதாகச் சேர்த்துக்கொள்வது ஆகாமியம். பறந்த பந்து முதலாவது, எறிவது இரண்டாவது. வினை அறிவில்லாத சடம், அது தானாக வந்து ஒருவரைப் பற்றாது, சேர்ப்பிக்க இறைவன் வேண்டும் என்பது சைவ சித்தாந்த ஆசிரியர் அருணந்தி சிவாசாரியாரின் வாதம். கேசட்டும் சடந்தானே.

இந்த இடத்தில் ஒரு பிள்ளை கேட்டது: "அப்ப, ஆளை ஓட்ட விடாம வச்சது யாரு சேர்?"

ஜப்பானில் ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்து அப்படி எழுதிய மனிதர்கள்தான். 1986இல் நாம்கோ வெளியிட்ட ஃபேமிலி ஸ்டேடியம் என்ற பேஸ்போல் கேமில் ஆட்களை நாமே ஓட்டலாம். மனிதர் எழுதியதை மனிதரால் மாற்றி எழுத முடியும்.

ஆனால் தோட்டத்தில் நாம் எதற்கெடுத்தாலும் தலையெழுத்து என்போம். 2014 ஒக்டோபர் 29 காலை, கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியபோதும் அதையே சொன்னோம். அங்கே மண்சரிவு அபாயம் உண்டென்று பல வருடங்களுக்கு முன்பே எச்சரித்திருந்தார்கள். அப்படியும் குடும்பங்கள் அந்த லயங்களிலேயே இருந்தன. மண்ணுக்குள் போனவருக்கு அது பிராரத்தம் என்று சித்தாந்தி சொல்லக்கூடும். நான் மறுத்து வாதாட மாட்டேன். ஆனால் அவர்களுக்கு வேறு நிலம் கொடுத்திருக்கக்கூடிய அதிகாரம் யார் கையில் இருந்ததோ, அவருக்குக் கொடுக்காமல் விட்டது ஆகாமியம். அவர் எறியாமல் வைத்திருந்த பந்து அது. செத்தவரின் கணக்கை மட்டும் நாம் வாசிக்கிறோம். இருப்பவரின் கணக்கைத் திறப்பதேயில்லை. இது பக்தியும் அல்ல, சித்தாந்தமும் அல்ல, வெறும் பயம்.

தோட்டத்துக் கோயில் திருவிழாக்களுக்குப் பிரசங்கம் செய்ய வரும் ஐயாமாரே, பிராரத்தம் பற்றி ஒரு மணி நேரம் பேசினால் ஆகாமியம் பற்றியும் ஒரு மணி நேரம் பேசுங்கள். முன்வரிசையில் தோட்டத் துரையும் அரசியல்வாதியும் உட்கார்ந்திருக்கும்போதே பேசுங்கள்.