தெருவுக்கு ஒரு சொல் உண்டா?

ஒரு வீட்டில் யார் நுழையலாம் என்பதைத் தீர்மானிக்கும் உரிமை அவ்வீட்டாருக்கு உண்டு. ஒரு நாட்டில் எது ஆகும், எது ஆகாது என்று விதிக்கும் உரிமை அரசுக்கு உண்டு. வீட்டுக்கும் நாட்டுக்கும் நடுவே தெரு என்று ஒன்று இருக்கிறது. நம் பிள்ளைகள் நடந்து பள்ளிக்குச் செல்வதும், முதியவர்கள் தொழுகைக்கும் வழிபாட்டுக்கும் சென்று திரும்புவதும், பெண்கள் வேலை முடிந்து இரவில் வீடு சேர்வதும் அந்தத் தெருவில்தான். அங்கே ஒரு மதுக்கடையோ மதுக்கூடமோ வரலாமா, வரலாகாதா என்று சொல்லும் உரிமை யாருக்கு உண்டு?

2023ஆம் ஆண்டு ஏப்ரலில் இக்கேள்வி நம் வாசலுக்கே வந்தது. மாநாட்டுக் கூடங்கள், விளையாட்டரங்குகள், திருமண மண்டபங்கள் ஆகியவற்றில் சிறப்பு உரிமம் பெற்று மது பரிமாறலாம் என்று தமிழக அரசு விதிகளைத் திருத்திய செய்தி வெளியாயிற்று. மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் அடையாற்றிலும் மண்டபம் இல்லாத பெருந்தெரு ஏது? எதிர்ப்பு எழுந்ததும் திருமண மண்டபங்கள் நீக்கப்பட்டன. எஞ்சியவற்றுக்கும் சில நாள்களிலேயே சென்னை உயர்நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. ஆனால் நம் உள்ளத்தைத் தைத்தது வேறொன்று. அனுமதி தருவது ஆட்சித்துறை அதிகாரிகளின் பொறுப்பாக இருந்தது. தெருவில் வாழ்வோரின் வாக்கைப் பெற்று மாமன்றத்தில் அமர்ந்திருப்போருக்கு அதில் இடமே இல்லை.

தியாகராய நகரின் பிறப்பை எண்ணிப் பார்த்தால் இதன் வியப்பு விளங்கும். ஏரியாக இருந்த நிலம் 1920களில் நகரமாயிற்று. சென்னை மாநகராட்சியின் தலைவராக விளங்கிய பிட்டி தியாகராயரின் பெயர் அந்நகருக்குச் சூட்டப்பட்டது. பூங்கா எங்கே, சாலை எங்கே, கடைத்தெரு எங்கே என்று திட்டமிட்டு எழுப்பிய நகர் அது. பூங்காவுக்கு இடம் குறிக்க முடிந்த நகராட்சி, மதுக்கடைக்கு இடமில்லை என்று குறிக்க முடியாமற் போனது எப்படி?

மது என்பது இந்நாட்டில் எப்போதும் மாநில அரசின் பொருளாகவே இருந்து வந்திருக்கிறது. 1937ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் சேலம் மாவட்டத்தில் இராஜாஜி மதுவிலக்கைத் தொடங்கினார். அதனால் குறையும் வருவாயை ஈடுசெய்யவே 1939இல் பொது விற்பனை வரியைக் கொண்டுவந்தார். இந்திய மாகாணங்களில் அத்தகைய வரி அதுவே முதல். 1948இல் ஓமந்தூரார் காலத்தில் மதுவிலக்கு மாகாணம் முழுவதும் பரவிற்று. 1971இல் அது தளர்த்தப்பட்டபோது, தொண்ணூறு வயதைக் கடந்த இராஜாஜி முதலமைச்சர் கலைஞரை நேரில் சென்று கண்டு, வேண்டாம் என்று வேண்டினார். பின்னர் 1973, 74இல் கடைகள் மூடப்பட்டன. 1981இல் மீண்டும் திறந்தன. 1983இல் டாஸ்மாக் நிறுவனம் பிறந்தது. 2003 நவம்பரில் சில்லறை விற்பனையையும் அரசே ஏற்றுக்கொண்டது. உரிமம் வழங்குபவரும், விற்பவரும், வரி பெறுபவரும் ஒருவரேயாயினர். நடுவரே ஆட்டக்காரராகிவிட்டால் முறையீட்டை யாரிடம் சொல்வது?

விதிகளே இல்லை என்று நாம் கூறவில்லை. 2003ஆம் ஆண்டு விதிகளின்படி, மாநகராட்சி, நகராட்சிப் பகுதிகளில் வழிபாட்டுத் தலத்திலிருந்தும் கல்விக்கூடத்திலிருந்தும் ஐம்பது மீட்டருக்குள் மதுக்கடை கூடாது. ஏனைய ஊர்களில் நூறு மீட்டர். ஆயினும் வணிகப் பகுதி என்று வகுக்கப்பட்ட இடத்தை இத்தூரக் கணக்குக் கட்டுப்படுத்தாது. கடைவீதிக்குள்ளேயே பள்ளியும் பள்ளிவாசலும் கோயிலும் மாடிக் குடியிருப்பும் கலந்து கிடக்கும் தியாகராய நகர் போன்ற இடத்தில் இவ்விலக்கின் பொருள் என்னவென்று வாசகர்களே உய்த்துணரலாம். நாடா கொண்டு தூரத்தை அளக்கலாம். இரவு ஒன்பது மணிக்கு அவ்வழியே நடக்கும் ஒரு பெண்ணின் அச்சத்தை எந்த நாடா அளக்கும்?

தமிழகத்திலிருந்து எழுந்த வழக்கில் உச்சநீதிமன்றம் 2016 டிசம்பரில் நெடுஞ்சாலை ஓரக் கடைகளை அகற்ற ஆணையிட்டது. 2017 ஏப்ரலில் மாநிலமெங்கும் ஆயிரக்கணக்கான கடைகள் மூடப்பட்டன. அவற்றை ஊருக்குள் கொணர முயன்றபோது பெண்கள் தெருவில் இறங்கினர். கிராம சபைகள் எதிர்த்துத் தீர்மானம் இயற்றின. சென்னைவாசிகளுக்கு அந்த வாய்ப்பும் இல்லை. 2016 அக்டோபர் முதல் 2022 மார்ச் வரை சென்னையில் தேர்ந்தெடுக்கப்பட்ட மாமன்றமே இருக்கவில்லை. தெரு பேச விரும்பிய வேளையில் அதன் வாய் பூட்டப்பட்டிருந்தது.

இனி, மறுதரப்பாரின் வாதங்களைக் கேட்போம்.

'வருவாய் போய்விடுமே' என்பது முதல் வாதம். 2023-24ஆம் ஆண்டில் மட்டும் மதுவினால் அரசுக்குக் கிட்டியது 45,000 கோடி ரூபாய்க்கு மேல். இதைச் சிறு தொகை என்று தள்ளுவது அறியாமை. மதுவில் சில பயன்களும் உண்டு என்பதைத் திருமறையே மறைக்கவில்லை. அதன் கேடு பயனினும் பெரிது என்றே எடைபோட்டுக் காட்டியது. தடையும் ஒரே நாளில் வரவில்லை, படிப்படியாகவே வந்தது. பயனை ஒப்புக்கொண்டு கேட்டையும் கணக்கிடுவதே நேர்மை. அரசின் ஏட்டில் வரவு மட்டும் இருக்கிறது; செலவோ வீடுகளின் ஏட்டில் எழுதப்படுகிறது.

'உங்கள் சமயத்தின் விலக்கை எங்கள்மீது சுமத்துவானேன்?' என்பது இரண்டாம் வாதம். இது நியாயமான கேள்வி. நம் மார்க்கத்தில் மது விலக்கப்பட்டது என்பதாலேயே பிறர்க்கும் அது விலக்காக வேண்டும் என்று நாம் கேட்கவில்லை. ஹனஃபி சட்ட அறிஞர்கள், முஸ்லிம் ஆட்சியின்கீழ் வாழ்ந்த பிற சமயத்தார் தமக்குள் மதுவை வைத்திருப்பதைத் தடுக்கவில்லை. அவர்களது மதுவை ஒரு முஸ்லிம் அழித்தால் அதற்கு அவன் ஈடு தர வேண்டும் என்று கூடத் தீர்ப்புரைத்தனர். தன் ஒழுக்கம் வேறு, அயலானின் உரிமை வேறு என்ற தெளிவு அவர்களிடம் இருந்தது. அத்தெளிவு நமக்கும் வேண்டும்.

மூன்றாவது வாதம் நம் நெஞ்சிலிருந்தே எழுவது. மற்ற இரண்டினும் கடியது. தெருவுக்கு 'வேண்டாம்' என்று சொல்லும் உரிமையைத் தந்துவிட்டால், அது மதுக்கடையோடு நிற்குமா? இறைச்சிக் கடை வேண்டாம் என்று நாளை ஒரு தெரு சொல்லலாம். தொழுகைக் கூடம் வேண்டாம் என்று மற்றொரு தெரு சொல்லலாம். இன்ன சமயத்தார்க்கு வீடு வாடகைக்கு இல்லை என்ற சொல்லை இந்நகரில் கேட்டுத் திரும்பியவர்கள் நம்முள் பலர் உண்டு. பெரும்பான்மையின் 'வேண்டாம்' எவ்வளவு கசக்கும் என்பதை அறிந்த நாமே அவ்வாயுதத்தைக் கூர் தீட்டித் தரலாமா?

இக்கேள்வியை நாம் எளிதில் கடந்துவிடக் கூடாது. நமக்குத் தோன்றும் விடை இதுதான்: வெறுப்பு வேறு, தீங்கு வேறு. அண்டை வீட்டான் உண்பதும் வணங்குவதும் உடுப்பதும் நமக்குப் பிடிக்காமற் போகலாம். அதனால் நமக்கு விளையும் கேடு எதுவுமில்லை. பிடிக்காமை என்பது நம் உள்ளத்து நோய். அதற்கு மருந்து நம்மிடமே உண்டு. மதுக்கூடத்து வாசலிலிருந்து தெருவுக்கு இறங்கிவரும் வசையும் கலகமும், போதையில் ஓட்டப்படும் வாகனமும் அப்படிப்பட்டவையல்ல. அவை குடிக்காதவனையும் தாக்குபவை. ஆகவே தெருவுக்கு நாம் கேட்கும் சொல், தீங்கைக் குறித்த சொல் மட்டுமே. அதையும் சான்றோடு சொல்ல வேண்டும், மறுதரப்பைக் கேட்டபின் சொல்ல வேண்டும், மேல்முறையீட்டுக்கு உட்பட்டுச் சொல்ல வேண்டும்.

இது கனவன்று. இங்கிலாந்தில் 2003ஆம் ஆண்டுச் சட்டம் மது, கேளிக்கை உரிமங்களை உள்ளாட்சி மன்றங்களிடம் ஒப்படைத்தது. குற்றத் தடுப்பு, பொதுப் பாதுகாப்பு, பொதுத்தொல்லைத் தடுப்பு, குழந்தைகள் நலன் ஆகிய நான்கை மட்டுமே அவை அளவுகோலாகக் கொள்ள வேண்டும்; ஒழுக்கம் பற்றிய சொந்தக் கருத்துக்கு அங்கே இடமில்லை. மகாராஷ்டிரத்தில் பெண்கள் கோரினால் இரகசிய வாக்கெடுப்பு நடத்தி, பாதிக்கு மேற்பட்டோர் விரும்பினால் கடையை மூட 2008ஆம் ஆண்டு ஆணை வழிசெய்தது. நிமிர்ந்த புட்டியும் படுத்த புட்டியுமே அவ்வாக்குச் சீட்டின் சின்னங்கள். பழங்குடிப் பகுதிகளுக்கான 1996ஆம் ஆண்டு மத்தியச் சட்டம், மதுவைத் தடுக்கவும் முறைப்படுத்தவும் அவர்தம் கிராம சபைக்கும் ஊராட்சிக்கும் அதிகாரம் அளிக்கிறது. மலைவாழ் மக்களுக்குச் சட்டம் ஒப்பிய அறிவும் பொறுப்பும் மயிலாப்பூர் மக்களிடம் இல்லையா?

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். கேளிக்கை என்றாலே மது என்று இக்காலத்தில் இரண்டையும் ஒரே உரிமத்தில் கட்டுகின்றனர். மார்கழியில் மயிலாப்பூர், தியாகராய நகர்ச் சபாக்களில் ஆயிரக்கணக்கானோர் கூடி மகிழ்கின்றனர். காப்பியும் சிற்றுண்டியுமே அங்கே விருந்து. மகிழ்ச்சிக்கு மது இன்றியமையாததன்று என்பதற்கு வேறு சான்று எதற்கு?

2022இல் மாமன்றம் மீண்டும் அமைந்தபின் பகுதி சபைகளும் கூடத் தொடங்கின. குடிநீருக்கும் தெருவிளக்குக்கும் அங்கே குரல் எழுகிறது. மதுக்கூடத்தின் உரிமமும் அங்கே படிக்கப்பட வேண்டும் என்று நாம் கேட்போம். அவ்வாறு கேட்கப் போகும் நாளில், அயலானின் அடுப்பையும் வழிபாட்டையும் பற்றி அதே சபையில் யாரேனும் 'வேண்டாம்' என்றால், அவனுக்காகவும் எழுந்து நிற்பதற்கு நாம் அணியமாகச் செல்வோம். அப்படிச் செல்பவனுக்கே தெருவின் பெயரால் பேசும் தகுதி உண்டு.